சோடி மீன்களுக்கான துளைத்தடுப்பு: வாங்கலாமா?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலங்கார மீன் வளர்ப்போர், ஆண் மீன் பெண் மீனைத் துரத்திக் கடிக்கும் தொல்லைக்குத் துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்பை வாங்குவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. தொட்டியின் நடுவே செருகி, விளிம்பில் உள்ள இரப்பர் கிண்ணங்களால் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்தும் தகடு இது. இரண்டடித் தொட்டிக்குரிய அளவில் ஒன்றை வாங்கி, கொன்விக்ட் சிக்லிட் என்ற அலங்கார மீன்கள் ஒரு சோடிக்காகப் பல மாதங்கள் பயன்படுத்தியிருக்கிறேன். வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் இரண்டையும் பிரித்து வைக்கும் என்பதற்காக அதை வாங்கத் தேவையில்லை, அந்த வேலையை ஒரு வாளியே செய்துவிடும்.

கொன்விக்ட் ஆண் உருவத்தில் பெரியது. பெண்ணின் வயிற்றில் செம்பு நிறம் படர்ந்திருக்கும். ஆண் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிப் பெண் இன்னும் ஆயத்தமாகாத நாட்களில்தான் அடி விழுகிறது. பெண் நீரின் மேல்மட்டத்து மூலையில் ஒதுங்கி, செட்டைகள் கிழிந்து, இரை போட்டாலும் இறங்கி வர அஞ்சும். அதை எடுத்து வாளியில் விட்டால் காயம் ஆறும். ஆனால் திரும்பக் கொண்டு வரும்போது தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்ட ஆண், அதை அந்நியமாகவே பார்த்து மறுபடியும் பாயும். தடுப்பு இருந்தால் பெண் அதே தொட்டியில், ஆணின் கண்முன்னேயே இருக்கிறது. முதலில் தகட்டில் வந்து மோதும் ஆண், போகப்போக மோதலை விட்டுத் தகட்டோரமாக உடலை நெளித்து ஆடத் தொடங்கும். பெண்ணின் செம்பு நிறம் அடர்ந்து, இரண்டும் தகட்டின் அடியிலேயே ஆளுக்கொரு பக்கமாகச் சிறுகற்களைத் தோண்டினால், தடுப்பை எடுக்கலாம். இந்த அடையாளங்களைப் பார்க்க முடிவதற்காகத்தான் இதற்குப் பணம் கொடுக்கலாம் என்கிறேன். ஆகவே ஒளி புகாத கறுப்புத் தகட்டைத் தவிர்த்து, தெளிவான தகட்டையே கேட்டு வாங்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இரப்பர் கிண்ணங்கள் கண்ணாடியில் பாசி படிந்தவுடன் பிடி தளர்ந்துவிடுகின்றன. ஆண் மோதிய வேகத்தில் தகடு சரிந்தால், வாங்கிய நோக்கமே கெட்டுவிடும். அடிவிளிம்பைக் கற்களுக்குள் நன்றாகப் புதைத்து, இரு பக்கமும் பெரிய கல்லொன்றைச் சாய்த்து வைப்பது நல்லது. உற்பத்தியாளர் இதற்கென ஒரு பாதமாவது சேர்த்திருக்கலாம். பெண் கொன்விக்ட் எவ்வளவு சிறிய இடைவெளியிலும் நுழைந்துவிடும் என்பதால் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே சந்து விடக்கூடாது.

நீரோட்டம் அதைவிடப் பெரிய சிக்கல். துளைகளில் பாசியும் மிஞ்சிய இரையும் அடைத்துக்கொள்ள, ஸ்பொஞ்ச் பில்டர் (எயார் பம்பின் காற்றால் இயங்கும் நீர் வடிகட்டி) இல்லாத பக்கத்தின் நீர் கெட்டுப்போகிறது. ஒரே எயார் பம்பிலிருந்து குழாயைப் பிரித்து இரு பக்கமும் பில்டர் வைப்பது அவசியம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில், விளிம்புவரை நிரப்பினாலும் ஏறத்தாழ 56 லீற்றர் நீரே இருக்கும். அதன் பாதியில் வளர்ந்த ஆண் கொன்விக்ட்டை நெடுநாள் வைத்திருக்க முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கத்து வெப்பத்துக்கு நீர் சூடேறி, அதில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறைந்துவிடுவதால், மின்வெட்டு நேரத்தில் இந்தப் பாதித் தொட்டியைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து.

தகட்டில் ஒரு மாற்றம் செய்தால் அதன் பயன் இரட்டிப்பாகும். கீழ் மூலையில், பெண் மட்டும் நுழையக்கூடிய அளவில் ஒரு வாசலைச் சூடேற்றிய கத்தியால் வெட்டிவிடுங்கள். பெண் விரும்பும்போது ஆணிடம் போகும், துரத்தினால் தன் பக்கத்துக்கு ஓடி வந்துவிடும், ஆண் வாசலில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். உடைந்த பூச்சாடி ஒன்றை ஆணின் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் முட்டை அங்கேதான். முட்டைகள் ஏறத்தாழ மூன்று நாளில் பொரித்து, அதன்பின் சில நாட்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்; அப்போது தகட்டை முழுதாக எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சுகள் துளைகளின் வழியே இரு பக்கமும் சிதற, தாய் அவற்றைத் திரட்ட முடியாமல் தகட்டோரமாகவே அலைந்து களைத்துவிடும்.

கப்பி மீன் வளர்ப்போருக்கு இதனால் பயனில்லை. அங்கே ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்களை விட்டால் தொல்லை பங்கிடப்பட்டுத் தணியும். மலாவி ஏரி சிக்லிட்டுகளில் பலவற்றுக்கும், ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்ற கணக்கே பொருந்தும்.

ஃபைட்டர் மீனுக்கும் இந்தச் செலவு வேண்டாம். அரிக்கேன் லாம்பின் கண்ணாடிச் சிமினியைத் தொட்டியில் நிமிர்த்தி, மேல்விளிம்பு நீருக்கு வெளியே நிற்கும்படி வைத்து, பெண்ணை அதற்குள் விடலாம். ஆண் நுரைக்கூடு கட்டி முடித்து, பெண்ணின் உடலில் குறுக்குக் கோடுகளும் வயிற்றடியில் வெண்புள்ளியும் தெரிந்ததும் சிமினியை மெல்ல உயர்த்தினால் போதும். முட்டையிட்டு முடிந்தவுடன் பெண்ணை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். கூட்டைக் காக்கும் ஆண் அதன் பிறகு அதை அருகில் விடாது.