பழைய கார் கண்காட்சிக்கு லோகோவும் டி-சர்ட்டும் செய்யக் கொடுத்து ஏமாந்தோம்

ஆண்டுதோறும் பழைய கார் கண்காட்சி நடத்தும் சிறு குழுவொன்றில் நான் இருக்கிறேன். சென்ற முறை லோகோ, சுவரொட்டி, டி-சர்ட், காரின் முன்பக்கக் கம்பித்தட்டியான கிரில்லில் மாட்டும் பேட்ஜ் ஆகிய அனைத்தையும் 1950-களின் சாயலில் வடிவமைத்து, தாங்களே தயாரித்தும் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தை நம்பி, முக்கால் பங்குப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தோம். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு பெட்டிகள் வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

முதல் அடி சுவரொட்டியில் விழுந்தது. அதில் ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பின்பக்கம் வரையப்பட்டிருந்தது. கீழே அழகிய சாய்வெழுத்தில் 1951 என்று போட்டிருந்தார்கள். பீட்டிலின் பின்கண்ணாடி 1953 மார்ச் வரை நடுவே ஒரு பட்டையுடன் இரண்டு துண்டாகவே இருந்தது. ஒற்றை முட்டை வடிவக் கண்ணாடி அதற்குப் பிறகு வந்தது. படத்தில் இருந்ததோ முட்டைக் கண்ணாடி. "இதையெல்லாம் யார் சார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?" என்று நிறுவனத்தார் கேட்டார்கள். எங்கள் கண்காட்சிக்கு வருகிறவர்கள் வேறு எதைப் பார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சந்தேகம் எழவே, அந்தப் படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார்த்தோம். அதே கோட்டோவியம் ஒரு படக்கிடங்குத் தளத்தில் விற்பனைக்கு இருந்தது. எங்கள் லோகோவின் வட்ட முத்திரையும் அதே தொகுப்பிலிருந்து எடுத்ததுதான். அத்தகைய படத்தை யாரும் வாங்கிப் பயன்படுத்தலாம் என்பதோடு, பல தளங்களின் சாதாரண உரிமம் அதை ஒருவர் தம் சொந்த வணிகச் சின்னமாக்கிக்கொள்ள இடம் தருவதும் இல்லை. எங்களுக்கென்றே வரைந்ததாகச் சொல்லி விற்றதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு, டி-சர்ட்டின் கைப்பகுதியில் ஒரு கார் நிறுவனத்தின் முத்திரையை அனுமதி எதுவும் பெறாமலே சேர்த்திருந்தார்கள்; விற்றிருந்தால் வழக்கு எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

டி-சர்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) முழுப் பருத்தித் துணியில், நீர் சார்ந்த மையால் ஸ்கிரீன் பிரிண்டிங் (வலைத்திரை வழியே மையைத் தள்ளி அச்சிடுவது) செய்து தருவதாக ஒப்பந்தம். அந்த மை நூலுக்குள் இறங்குவதால் கையால் தடவினால் தடிப்பே தெரியாது. பழைய பனியன் அச்சின் மென்மை வேண்டும் என்றுதான் அதைக் கேட்டிருந்தோம். வந்ததிலோ எழுத்துகளைச் சுற்றி மெல்லிய கண்ணாடித்தாள் போன்ற விளிம்பு மின்னியது. காகிதத்தில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டும் மலிவான முறையின் அடையாளம் அது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டியபோது, பருத்தியைப் போல் சாம்பலாகாமல் சுருங்கி உருகிக் கருப்பு மணியாக இறுகியது. பாலியெஸ்டர் கலந்த துணி. பழமை தெரிய வேண்டும் என்று வடிவமைப்பிலேயே கீறல்கள் வரைந்து அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கியிருந்தார்கள். முதல் சலவையில் உண்மையான விரிசல் இலவசமாகவே வந்து சேர்ந்தது.

எனாமல் பேட்ஜ், அதாவது உலோகத்தில் வண்ணக் கண்ணாடிப்பூச்சு உருக்கிய பேட்ஜ், என்று சொன்னதும் அச்சிட்ட ஸ்டிக்கரின்மேல் பிசின் ஊற்றியதாகவே இருந்தது. வெயிலில் நின்ற கார்களில் மாலைக்குள் ஓரம் தூக்கிக்கொண்டது.

மூலக் கோப்புகளைக் கேட்டோம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாத வெக்டர் கோப்பு என்று சொல்லி ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கோடுகள் படிக்கட்டுகளாக உடைந்தன. உள்ளே ஒரு ஜேபெக் படத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள். உண்மையான கோப்புக்குத் தனிப் பணம் வேண்டுமாம். மீதிப் பணத்தை நிறுத்திவைத்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் கோப்பு வடிவத்தையோ, அச்சுக்கு முன் கையில் தர வேண்டிய மாதிரியையோ எழுதி வாங்காதது எங்கள் பிழை என்பதால், முன்பணம் திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

எல்லா டி-சர்ட்டிலும் ஆண்டை அச்சிட்டிருப்பதால் அவற்றை அடுத்த கண்காட்சியில் விற்கவும் வழியில்லை. கார் துடைக்கவாவது ஆகட்டும் என்று உறுப்பினர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தோம். அந்தத் துணி தண்ணீரையும் உறிஞ்சுவதில்லை.