கேசியோ 991எம்எஸ் கால்குலேட்டர்: பத்தாவது அல்ஜீப்ராவுக்கு ரொம்ப வருஷமா யூஸ் பண்றேன்

வேலூர் பாகாயம் பாலிடெக்னிக்ல படிச்சப்போ வாங்கினது, இன்னும் ஓடுது, ஷிஃப்ட் பட்டன் மேல எழுத்து தேஞ்சிடுச்சு அவ்ளோதான். சோலாரும் இருக்கறதால பேட்டரி பத்தி பெருசா யோசிச்சதே இல்ல. இப்போ சத்துவாச்சாரில பத்தாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன், விகிதமுறு கோவை, அதாவது எக்ஸ் வெச்ச பின்னம், கூட்டல் கழித்தல் வந்தா இதுல எனக்கு வேண்டியது ஒரே பட்டன், கால்க். கோவைய ஏத்திட்டு இத அமுக்கினா எக்ஸுக்கு என்ன மதிப்புன்னு கேட்டு விடைய சொல்லிடும்.

எக்ஸ்/(எக்ஸ்-2) - (எக்ஸ்-3)/(எக்ஸ்+1) னு ஒரு கணக்கு வெச்சிக்கோங்க. எல்.சி.எம் எல்லாரும் ஒழுங்கா எடுத்துடறாங்க, மேல கழிக்கும்போதுதான் வம்பு. (எக்ஸ்-3)(எக்ஸ்-2) பெருக்கினா எக்ஸ் ஸ்கொயர் - 5எக்ஸ் + 6, முன்னாடி மைனஸ் நிக்கறதால மூணு உறுப்புக்கும் குறி மாறணும், ஆனா நடுவுல இருக்கற 5எக்ஸை மட்டும் நிறைய பேர் அப்படியே விட்டுடுவாங்க. மேல 6எக்ஸ்-6 வரணும், இவங்களுக்கு -4எக்ஸ்-6. நான் எதுவும் சொல்றதில்ல, கணக்கையும், கீழ (எக்ஸ்-2)(எக்ஸ்+1) ஓட அவங்க விடையையும் தனித்தனியா ஏத்தி கால்க் அமுக்கி எக்ஸுக்கு 3 குடுன்னுடுவேன், கணக்குக்கு 3 வரும், அவங்க விடைக்கு -4.5 வரும், அப்புறம் அவங்களே தேட ஆரம்பிச்சிடுவாங்க.

ஒருத்தன் கேட்டான், "இன்னா மிஸ், நான் ஜீரோ போட்டேன், ரெண்டுக்கும் 3தான வருது?" வரும்டா, ஜீரோ போட்டா தப்பா இருக்கற எக்ஸ் உறுப்பே காணாம போயிடுமே. 1ம் வேணாம், எக்ஸும் எக்ஸ் ஸ்கொயரும் ஒண்ணாயிடும், அது ரெண்டையும் மாத்தி எழுதியிருந்தா தெரியாது. 2 இல்லன்னா -1 குடுத்தா எரர்னு வந்து நிக்கும், விலக்கப்பட்ட மதிப்பு, அதாவது கீழ ஜீரோ ஆக்கிடறதால எக்ஸுக்கு போடக்கூடாத நம்பர், பத்தி போர்டுல நான் எழுதறத விட இந்த எரர் நல்லா பதியுது.

குறைன்னா, ஒரே வரில டைப் பண்ணணும், பின்னத்துக்கு மேலயும் கீழயும் அடைப்புக்குறி போடலன்னா சம்பந்தமே இல்லாத நம்பர் வரும். அப்புறம் விடைய முழுசா சுருக்கியாச்சான்னு இது சொல்லாது, சுருக்காம விட்டாலும் அதே நம்பர்தான், மார்க் போனா போனதுதான். பப்ளிக் எக்ஸாம்ல கால்குலேட்டர் கிடையாது, அதனால கடைசி மாசம் இத எடுத்து உள்ள வெச்சிட்டு 3 போட்டு மனசுலயே பாக்கச் சொல்லிடுவேன்.

புதுசா வாங்கறவங்க 991இஎஸ் பாருங்க, பின்னத்த நோட்டுல எழுதற மாதிரியே காட்டும், கால்க் அதுலயும் இருக்கு, காலேஜுக்கும் ஆகும்.