அரியரோடு விமானம் ஏறலாமா? கம்போடியாவா, தாய்லாந்தா?

மன்னார்குடியில் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். குறுவை அறுவடை முடிந்ததும் வந்து சேரும் பையன்களில் ஆண்டுக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள்: "சார், இரண்டு அரியர் நிற்கிறது. பட்டம் இல்லாமல் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க வேலை அனுமதி கிடைக்குமா?"

கிடைக்கும் என்று நான் துணிந்து சொல்லக்கூடிய நாடு கம்போடியா. அங்கே தொழிலாளர் அமைச்சகம் தரும் வேலை அனுமதிக்குப் பட்டச் சான்று சட்டப்படி கட்டாயமில்லை. பள்ளிகள் தாமாகக் கேட்டால் அது வேறு விஷயம். நுழையும்போதே ‘இ’ வகை விசாவாக எடுக்க வேண்டும். கட்டணம் 35 டாலர். ஐந்து டாலர் மிச்சம் பிடிக்க நினைத்து ‘டி’ (T) என்னும் சுற்றுலா விசாவில் போனால், அதை ஒரே ஒரு முறை, ஒரு மாதத்துக்கு மட்டுமே நீட்டிக்க முடியும். ‘இ’ விசாவைப் பள்ளி தரும் வேலைக் கடிதத்தைக் காட்டி ஆறு மாதம், ஓராண்டு என்று நீட்டித்துக்கொள்ளலாம்.

பையன்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. கம்போடியாவில் ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ளும் வெளிநாட்டு ஊழியர்கள், உள்நாட்டு ஊழியர்களின் எண்ணிக்கையில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டை நிறுவனம்தான் முந்தைய செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் விண்ணப்பித்து வாங்க வேண்டும். "எங்களிடம் ஒதுக்கீடு இருக்கிறது" என்று பள்ளி எழுதித் தராவிட்டால் டிக்கெட் எடுக்காதீர்கள். சம்பளத்திலும் அமெரிக்கரும் பிரிட்டிஷ்காரரும் ஒரு வரிசை, நாம் இன்னொரு வரிசை. கசப்பான உண்மைதான், தெரிந்தே போவது நல்லது.

தாய்லாந்துக் கதை வேறு. சம்பளம், ஊர், உணவு எல்லாம் அங்கேதான் மேல் என்று பையன்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளியில் கற்பிக்க ஆசிரியர் மன்றமான குருசபாவின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும்; அதற்குப் பட்டம் வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நம்மிடம் டொயிக் போன்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்பார்கள். "முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொல்வது, பட்டம் இல்லாதவனுக்கு வெறும் பேச்சு. அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு வேலை அனுமதி கேட்கவே முடியாது.

வியட்நாமிலும் அனுமதியில்லாமல் பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும்தான். அங்கே ஆங்கில ஆசிரியருக்குக் கல்லூரிச் சான்றும் கற்பித்தல் சான்றிதழும் வேண்டும். சீனாவைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்: பட்டம் இருந்தாலும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழு நாடுகளின் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறார்கள். தென் கொரியாவிலும் ஏறக்குறைய அதே கதை. 2010 முதல் நடப்பிலுள்ள வர்த்தக ஒப்பந்தத்தின்படி இந்தியர் பள்ளிகளில் துணை ஆசிரியராகலாம். அதற்கும் பட்டம், ஆசிரியர் உரிமம் இரண்டும் வேண்டும். ஜப்பான்தான் விசித்திரம். மொழி கற்பிக்கும் வேலைக்குப் பட்டத்துக்குப் பதில் மூன்று ஆண்டு அனுபவத்தையும் சட்டம் ஏற்கிறது. ஆனால் சம்பள ரசீதோடு அந்த அனுபவத்தை நிரூபிக்க வேண்டும். அதை நம்பி விசாவுக்குப் பொறுப்பேற்க ஒரு நிறுவனமும் முன்வர வேண்டும். மாலை நேர டியூஷனைக் கணக்கில் எழுதி வைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

நான் முதலில் கைகாட்டுவது எந்த நாட்டையும் இல்லை, தேர்வுக் கூடத்தை. நவம்பரில் ஒரு தாள், ஏப்ரலில் ஒரு தாள். இரண்டும் தேறினால் தாய்லாந்தும் வியட்நாமும் விண்ணப்பத்தைக் கையில் வாங்கவாவது செய்யும். இடையில் கற்பித்தல் சான்றிதழ் படிக்கலாம். கேம்பிரிட்ஜ் தரும் செல்டா என்ற சான்றிதழுக்குப் பட்டம் கட்டாயமில்லை. உண்மையான மாணவர்கள் முன் ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்டினால்தான் தேற முடியும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 120 மணி நேரச் சான்றிதழை அதோடு ஒப்பிடவே எனக்கு மனம் வரவில்லை.

ஏஜென்ட் வழியாகத்தான் போவேன் என்பவர்கள், அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிடுங்கள். பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். தாய்லாந்து, கம்போடியா வேலை என்று அழைத்துப் போய் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் உண்டு. 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது.

இந்த ஆண்டு கேட்ட பையனிடம் ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்டிருந்தார். தாய்லாந்து, சுற்றுலா விசா. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜனும் கணிதம் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டவர்தானே என்று என்னிடமே வாதாடினான். அவருக்கு விசா தேவைப்படவில்லை என்றேன். சிரித்துவிட்டு, நவம்பர் தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று கேட்டான்.