பழைய மைக்கா கதவுக்குப் பெயிண்டா, புது மைக்காவா?

எங்கள் அடுப்படி கப்போர்டுகளுக்கு 18 வயது. உள்ளே பிளைவுட் இன்னும் கெட்டியாக இருக்கிறது. வெளியே ஒட்டிய மைக்காதான் நிறம் மங்கி, கைப்பிடியைச் சுற்றிப் பிசுக்கேறிக் கிடந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுப் புதிதாகச் செய்ய மனசும் இல்லை, பணமும் இல்லை. மிச்சம் மூன்று வழி: பெயிண்ட், புது மைக்கா, வினைல் ஸ்டிக்கர்.

பெயிண்டில்தான் முதல் அடி வாங்கினேன். பரண் கதவு இரண்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நேராக எனாமல் அடித்தேன். பளபளவென்று வந்தது. மூன்று வாரம் கழித்து அதில் ஒட்டியிருந்த மளிகைச் சீட்டைப் பிரித்தபோது, செலோடேப்போடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் உரிந்து வந்தது.

நாம் மைக்கா என்று சொல்வது உண்மையில் காகிதம். பினாலிக் பிசினில் தோய்த்த பழுப்பு நிறக் கிராஃப்ட் தாள்களை அடுக்கி, மேலே மெலமைன் பிசினில் ஊறிய டிசைன் தாளை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே தகடாக்கியது. 1912இல் அமெரிக்காவில் மின்காப்புக்காக, நிஜ மைக்காவுக்குப் பதிலாக வந்த பொருளின் வாரிசு. அதனால்தான் அங்கே ‘ஃபார்மைக்கா’ என்று பெயர் வைத்தார்கள். அந்த மெலமைன் பரப்பு எதையும் உறிஞ்சாது. சாம்பார் சிந்தினால் துடைத்தெடுக்க முடிவது அதனால்தான். பெயிண்டும் அதே காரணத்தால்தான் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது.

அதனால் பெயிண்ட் என்றால் முக்கால்வாசி வேலை பெயிண்டைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். கதவுகளைக் கழற்றி, வெந்நீரில் சலவை சோடா கரைத்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட வேண்டும். பிசுக்கு போகாமல் தேய்த்தால் உப்புத்தாள் எண்ணெயைக் கீறலுக்குள்ளேயே தள்ளிவிடும். 220 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு மட்டும் போனால் போதும். பழுப்புத் தாள் எட்டிப் பார்த்தால் அதிகம் தேய்த்துவிட்டோம் என்று அர்த்தம். அடுத்து, வழுக்கும் பரப்பில் பிடிக்கிற பிரைமர். சாதாரண மர பிரைமர் இங்கே உதவாது. ஒரு கதவின் உள்பக்கத்தில் அடித்துக் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, செலோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப் சுத்தமாக வந்தால் மேலே போகலாம்.

எந்தப் பெயிண்ட்? ஆயில் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிக்கும். தண்ணீரில் கலக்கும் எனாமல் அப்படி ஆகாது, நாற்றமும் குறைவு. ஆனால் தொட்டால் ஒட்டாது என்பதற்கும் முழுசாக இறுகியது என்பதற்கும் நடுவே சில வாரங்கள் இருக்கின்றன. அதுவரை ஈரப் பாத்திரம் இடித்தால் தழும்புதான். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் அசல் உறுதி. ஆனால் அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு, ஸ்பிரே செய்யும்போது மூச்சுக்கு ஆபத்து. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை இல்லை அது. கதவுகளைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

புது மைக்காவுக்கு இந்தப் பிடிமானக் கவலை கிடையாது. தாளிப்புப் புகை, மஞ்சள் கறை, சூடு எல்லாவற்றையும் 1 மி.மீ. மைக்கா தாங்குகிற அளவுக்கு எந்தப் பெயிண்டும் தாங்காது. சிக்கல் வேறு இடத்தில். பழையதை உரிக்கும்போது சில இடங்களில் பிளைவுட்டின் மேல் தோலும் சேர்ந்து வந்துவிடும். சரி, பழையதின் மேலேயே சொரசொரப்பாகத் தேய்த்து ஒட்டலாம் என்றால், கதவின் ஓரங்களையும் கணக்கில் வைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கதவுகளின் ஓரத்தில் தலைக்கு 1 மி.மீ. கூடினால், 3 மி.மீ. இடைவெளி 1 மி.மீ. ஆகி, மழைக்காலத்தில் உரசும். கீலைத் திருகிக் கொஞ்சம் சரிக்கட்டலாம், முழுசாக முடியாது. ஆசாரி கைபார்த்தவராக இருக்க வேண்டும். செலவும் பெயிண்டை நாமே அடிப்பதைவிடக் கூடத்தான். 8-க்கு 4 அடி ஷீட் ஒன்று 32 சதுர அடி. வெட்டில் போகும் கழிவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வினைல் ஸ்டிக்கர் வாடகை வீட்டுக்கு. அடுப்புப் பக்கம் ஓரம் சுருண்டுவிடும். வேறு சொல்ல எதுவுமில்லை.

கதவில் இருப்பது வினியர் என்றால் கதையே வேறு. அது மெல்லிசாகச் சீவி ஒட்டிய நிஜ மரம், பெயிண்ட் நன்றாகவே பிடிக்கும். ஆனாலும் தேக்கு வினியர் மேல் பெயிண்ட் அடிக்க எனக்குக் கை வராது. பழைய பாலிஷை மெதுவாக நீக்கி, பி.யூ. பாலிஷ் கொடுத்தால் போதும். மெஷின் வைத்துத் தேய்க்க மட்டும் விடாதீர்கள். அந்த மரத்தோல் பெரும்பாலும் அரை மி.மீ.தான்.

எங்கள் வீட்டில் கடைசியில் கீழ்வரிசைக்கும் அடுப்பைச் சுற்றியும் புது மைக்கா. மேல்வரிசைக்கும் பரணுக்கும் தண்ணீர் எனாமல், இந்த முறை ஒழுங்காகக் கழுவித் தேய்த்து. சிங்குக்குக் கீழே மட்டும் யாரோ இடையில் மாற்றிய, மரத்துகளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு கதவு. தண்ணீர் குடித்து அடிப்பக்கம் பொரி மாதிரி உப்பியிருந்தது. அதற்கு பெயிண்டும் வேண்டாம், மைக்காவும் வேண்டாம் என்று ஆசாரி சொல்லிவிட்டார். தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டில் புதுக் கதவு அடித்தோம்.