சின்ன ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்று நம்பி ரூ.1,20,000 கட்டினோம், திரும்பி வரவில்லை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் உள்ள வீட்டார் தயவுசெய்து படியுங்கள். சேர்க்கை இன்னும் முடியவில்லை, அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். எங்களிடம் ரூ.1,20,000 வாங்கிக்கொண்டு, "அது வராது மேடம், ஃபைல் க்ளோஸ் பண்ணிட்டோம்" என்று இன்று காலை போனில் சொல்லிவிட்டார்கள். பெயரைப் போடவில்லை. போட்டால் வழக்குப் போடுவோம் என்று ஏற்கெனவே மிரட்டியிருக்கிறார்கள். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், மாணவர்கள் குறைவு, "ஆராய்ச்சிக்கே முதலிடம்" என்று விளம்பரம் செய்கிற வகை. இதற்கு மேல் சொல்ல முடியாது.

என் தம்பிக்கு இயற்பியல்தான் எல்லாம். இன்ஜினியரிங் வேண்டாம், ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று பத்தாவதிலிருந்தே சொல்கிறவன். அறிவியல் ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசு நடத்தும் ஐசர் கல்வி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வு எழுதிவிட்டுக் காத்திருந்தான். அங்கே இடம் கிடைப்பது லேசில்லை, அதனால் கையில் ஒரு இடம் இருக்கட்டும் என்று இதையும் பார்க்கப் போனோம். சின்னப் பல்கலைக்கழகம் என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. சிறுசேரியில் உள்ள சென்னை மேதமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட் சின்னதுதான். கணிதம் படிக்கிற பிள்ளைகள் அதற்கு எப்படி ஏங்குகிறார்கள் என்று பாருங்கள். வகுப்பில் ஆள் குறைவு, பேராசிரியரை நேரில் பிடித்துக் கேட்கலாம். இதுவும் அந்த மாதிரி இடம்தான் என்று எங்களை நம்பவைத்தார்கள்.

சனிக்கிழமை போனோம். வளாகத்தைச் சுற்றிக்காட்டினார்கள். கண்ணாடி அறைக்குள் எலக்ட்ரான் நுண்ணோக்கி, மேலே உறை போட்டு மூடியிருந்தது. "இதை யாரெல்லாம் யூஸ் பண்றாங்க, லாக் புக் பார்க்கலாமா?" என்று தம்பி கேட்டான். "அது சார் ரூம்ல இருக்கு தம்பி" என்று கூட வந்தவர் அடுத்த அறைக்கு நடந்துவிட்டார். எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் அடுத்ததாக ஒரு பேராசிரியர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் எங்கள் மனம் மாறியது.

அந்த மனிதர் எங்களிடம் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெல்லிய படலங்களில் ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்று தாளில் வரைந்து விளக்கினார். அவன் கேட்ட கேள்வியை "நல்ல கேள்விப்பா" என்று எழுதி வைத்துக்கொண்டார். தன்னுடைய ஆய்வுக்கட்டுரை ஒன்றை அச்செடுத்துக் கொடுத்து, "முதல் வருஷமே என் லேப்ல வந்து உட்காரு" என்றார். வெளியே வந்ததும் தம்பி, "அக்கா, எனக்கு இங்கேயே போதும்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தபிறகு எப்படி வேண்டாம் என்று சொல்வது?

சேர்க்கைப் பிரிவில் இருந்த பெண்ணிடம் நான் வாய்விட்டுக் கேட்டேன், ஐசரில் கிடைத்துவிட்டால் பணம் என்னாகும் என்று. "முழுசா ரிட்டர்ன் வந்துடும் மேடம், யூஜிசி ரூலே அதுதான். இன்னிக்கு கட்டலைன்னா திங்கட்கிழமை சீட் இருக்காது" என்றார். யூஜிசி என்றால் பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழகங்களுக்கு விதி போடுகிற மத்திய அரசு அமைப்பு. நான் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் ரூ.1,20,000. அங்கேயே கட்டினேன். சரிபார்க்க வேண்டும் என்று டிசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தம்பிக்குத் திருப்பதி ஐசரில் இடம் கிடைத்தது. சந்தோஷப்படக்கூட விடவில்லை இவர்கள். விலகல் கடிதம் கொடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு பதில். அக்கவுண்ட்ஸில் கேளுங்கள். ரிஜிஸ்ட்ரார் கையெழுத்துப் போடவேண்டும், அவர் வெளியூரில். மெயில் அனுப்புங்கள். மெயில் வரவில்லை, மறுபடி அனுப்புங்கள். அந்தச் சேர்க்கைப் பெண் என் எண்ணையே ப்ளாக் செய்துவிட்டார். டிசி இல்லாமல் தம்பி எங்கே போய்ச் சேர்வது? சேரவேண்டிய கடைசி நாள் நெருங்கியபோது, "கட்டிய தொகையைத் திரும்பக் கேட்கமாட்டேன்" என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் டிசியைக் கொடுத்தார்கள். இப்போது எது கேட்டாலும் அந்தக் கடிதத்தைத்தான் நீட்டுகிறார்கள்.

யூஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை தெளிவாக இருக்கிறது. அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கை நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அதில் 5 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தரவேண்டும், வைத்துக்கொள்ளவே கூடாது. இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கடைசிச் சேர்க்கை நாள் எது என்று எங்குமே போடுவதில்லை. கேட்டால், "உங்களுக்கு அது முடிஞ்சிடுச்சு" என்கிறார்கள். ரசீதிலும் கல்விக் கட்டணம் என்று இல்லை, "சேர்க்கை உறுதித் தொகை" என்று இருக்கிறது. அது கட்டணமே இல்லையாம், அதனால் விதி பொருந்தாதாம். ரூ.1,20,000 கட்டணம் இல்லையென்றால் வேறு என்ன? நன்கொடையா?

யூஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். புகாரை அதே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. அவர்களிடமிருந்து மூச்சே இல்லை.

அப்புறம் அந்தப் பேராசிரியர். அவராவது நமக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று துறைக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "அவர் இங்க ரெகுலர் ஸ்டாஃப் இல்லைங்க, அட்மிஷன் டைம்ல வருவார்" என்றார். அவருக்கென்று அங்கே ஆய்வகமே கிடையாது. பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு பதினேழு வயதுப் பையனின் ஆசையைத் தூண்டில் புழுவாக்கிவிட்டார்கள். அந்தக் கட்டுரையைத் தம்பி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான், அவனிடம் இதை நான் சொல்லவில்லை.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பார்க்கப் போன அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். டிசியைக் காட்டுங்கள், கையை விட்டு விடாதீர்கள். கடைசிச் சேர்க்கை நாளையும் பணம் திரும்பும் விதியையும் எழுத்தில் வாங்குங்கள், ரசீதில் "கல்விக் கட்டணம்" என்று இருக்கிறதா பாருங்கள். ஆராய்ச்சி நடக்கிறது என்றால் அங்கே முடித்த பிஎச்டி ஆய்வேடுகள் சோத்கங்கா என்கிற ஆய்வேட்டுத் தொகுப்புத் தளத்தில் இருக்கவேண்டும், அந்தத் துறையின் பெயரில் தேடுங்கள். மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் கலந்துகொள்கிற நிறுவனம் என்றால், கொடுத்த தரவைத் தன் தளத்திலேயே போட்டிருக்கும். முழுநேர பிஎச்டி மாணவர் எத்தனை பேர், ஆய்வுத் திட்டங்களுக்கு வந்த நிதி எவ்வளவு என்பதெல்லாம் அதில் தெரியும். அங்கே பார்த்த பேராசிரியர் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா என்று துறைக்கே போன் செய்து கேளுங்கள்.

இந்த மாதிரி இடத்திலிருந்து எழுதிக்கொடுத்த பிறகும் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருந்தால், யாரிடம் எப்படி மனு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். ரூ.1,20,000-ஐ நான் விடப்போவதில்லை.