பாவித்த வெட்சூட்டுடன் பல சீசன்: கல்லடிக் கடலிலும் கனடா ஏரியிலும்

நான் போடுவது 3/2 வெட்சூட், தண்ணீரில் சூடு காக்க உடம்போடு ஒட்டிப் போடுகிற ரப்பர் உடுப்பு. நெஞ்சிலும் முதுகிலும் 3 மில்லிமீற்றர், கை காலில் 2 மில்லிமீற்றர் தடிப்பு. அறுகம்பேயில் சீசன் முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு சேர்ஃபரிடம் வாங்கியது, புதுசின் விலையில் பாதிகூட வரவில்லை. கனடாவில் இருக்கிற மச்சான் ஏரியில் வேக்போர்ட் (போட் கயிற்றால் இழுக்க, பலகையில் நின்று ஓடுவது) ஓடத் தொடங்கினபோது அவனுக்கும் கை கடிக்காத விலையில் ஒன்று தேவைப்பட்டது. இரண்டு உடுப்புமே வருசக்கணக்காக உழைத்துவிட்டன. காசு அளவோடு இருக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இந்த வரிசையைத்தான்: முதலில் அளவு, அடுத்தது தையல், அதற்குப் பிறகு தடிப்பு. பிராண்ட் பெயர் கடைசி.

இந்தச் சூட்டுக் கடலுக்கு எதற்கு வெட்சூட் என்று மட்டக்களப்புக் கல்லடியில் கேட்காத ஆள் இல்லை. கிழக்குக் கடல் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரியில் இருக்கும், உடம்போ 37. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஒரு மணித்தியாலம் தெரியாது. அரை நாள் போட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, ஈர உடம்பில் காற்றும் பட்டால் பல் கிட்டத் தொடங்கும். ஆழம் போகிறவர்களுக்கு இன்னும் மோசம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் எங்கள் கடலில் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஆறு மடங்கு. வெட்சூட் செய்கிற நியோபிரீன் ரப்பருக்குள் இருக்கிற வாயுக் குமிழிகள் நசுங்கி, சூடு காக்கிற சக்தி பெருமளவு போய்விடும். வெயில், சொறிமுட்டை, பொத்துவில் பக்கத்துக் கல்லில் உரசுவது எல்லாவற்றுக்கும் இது தடுப்பு என்பதும் எனக்குப் பெரிய காரணம்.

அதே நேரம், காலையில் ஒரு மணித்தியாலம் அலை ஓடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நீளக்கை லைக்ரா, அதாவது மெல்லிய இழுபடும் துணிச் சட்டை, போதும். பெந்தோட்டை ஆற்றில் வேக்போர்ட் ஓடுகிறவர்களுக்கும் அதேதான்.

குளிர் நாட்டு ஏரி வேறு கதை. ஏப்ரலில் பனி உருகி, மே மாதத்திலும் தண்ணீர் விறைக்க வைக்கும். மச்சான் கடையில் நின்றுகொண்டே கோல் எடுத்தான்.

“மச்சான், இருக்கிறதுக்குள்ள தடிப்பானதை எடுக்கட்டா?”

“தடிப்பை விடு. போட்டுட்டுக் குந்தி எழும்பிப் பாரு. முதுகுப் பள்ளத்திலயும் கமக்கட்டிலயும் காத்து நிக்குதா எண்டு சொல்லு.”

காற்று நின்றது. ஒரு சைஸ் குறைத்து எடுத்தான். வெட்சூட் தண்ணீரை முழுக்கத் தடுக்காது. உள்ளே வருகிற மெல்லிய படலத்தை உடம்பு சூடாக்கும், உடுப்பு அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். தொளதொளவென்று இருந்தால் அந்தச் சூட்டுத் தண்ணீர் போய்ப் புதுக் குளிர்த் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வேக்போர்ட்டில் போட் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் இழுக்கிறது. அந்த வேகத்தில் விழுந்தால் கழுத்தாலும் முதுகுச் சிப்பாலும் தண்ணீர் பாய்ந்து ஏறும். செஸ்ட் சிப் நல்லது, ஆனால் விலை கூட. அவன் எடுத்தது முதுகுச் சிப், சிப்புக்கு உள்பக்கம் இன்னொரு மடிப்பு வைத்தது.

தையலில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபிளாட்லொக் தையலில் ஊசி இரண்டு பக்கமும் துளைத்துப் போகிறது, அந்த ஓட்டைகளால் தண்ணீர் கசியும். நம் கடலுக்கு அது ஒரு குறையே இல்லை. குளிர் ஏரிக்குப் பசை ஒட்டி, மறுபக்கம் துளைக்காமல் தைத்த பிளைன்ட் ஸ்டிச் வேண்டும். அப்படித் தைத்த 4/3, ஃபிளாட்லொக் போட்ட 5 மில்லிமீற்றரைவிடச் சுகம் என்பது மச்சானின் அனுபவம். உடுப்பின் தோள் தடிப்பாக இருந்தால் கயிறு பிடிக்கிற கையும் சீக்கிரம் சோர்ந்துவிடும். நெஞ்சில் துணி ஒட்டாத வழுக்கு ரப்பர் இருந்தால் தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும், போட் இழுக்கும்போது காற்றுக் குளிர் குறையும். மேலே எப்படியும் லைஃப் ஜாக்கெட் போடவேண்டும், அதுவும் ஒரு போர்வை. அதனால் ஜாக்கெட்டின் அளவை வெட்சூட்டுக்கு மேல் போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

பாவித்ததை வாங்கும்போது பெருவிரலால் அமுக்குங்கள். பள்ளம் உடனே எழும்பினால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. மடித்தால் வெடிப்புக் கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். தையலை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரியும்.

போடும்போது காலில் ஒரு சொப்பிங் பையை மாட்டிக்கொண்டால் வழுக்கி உள்ளே போகும். இழுக்கிற வேலையை விரல் நுனிக்குக் கொடுக்காதீர்கள். என்னுடையதில் நகம் பட்ட பிறை வெட்டு ஒன்று தொடையில் இருக்கிறது. செருப்புத் தைக்கிறவர்கள் பாவிக்கிற கொன்டாக்ட் பசை பெரும்பாலும் அதே நியோபிரீன் வகை ரப்பரில் செய்தது. வெட்டை விரித்து இரண்டு முகத்திலும் மெல்லிசாகப் பூசி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, இன்னொரு தரம் பூசிக் காய்ந்ததும் சேர்த்து அழுத்தினேன். இன்றுவரை விடவில்லை.

எங்கள் பக்கத்தில் வெட்சூட்டைத் தின்பது வெயிலும் உப்பும்தான். கிணற்றுத் தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே வர, இடுப்பில் மடித்துத் தடித்த மூங்கிலில் நிழலில் போடுவேன். ஹேங்கரில் தோளால் தொங்கினால் ஈரப் பாரத்தில் தோள் இழுபட்டுவிடும். கச்சான் வீசுகிற மாதங்களில் நிழலிலேயே சுறுக்காகக் காயும். சிப்புக்கு மெழுகுதிரியைத் தேய்த்தால் உப்புப் பிடித்து இறுகாது.

இப்போது என்னுடையதில் தோள்ப்பக்கம் விறைக்கத் தொடங்கிவிட்டது. அடுத்தது எடுக்கும்போது 2 மில்லிமீற்றர், கை நீளம், கால் குட்டை, ஃபிளாட்லொக் தையல். இந்தக் கடலுக்கு அதற்கு மேல் காசு கொட்டமாட்டேன். மச்சான் மாற்றும்போது அதே 4/3, இந்த முறை செஸ்ட் சிப். அங்கே கடைகள் சீசன் முடிவில் விலை இறக்கும்வரை பழையது தாங்கும் என்கிறான்.