வடலூர் தருமச்சாலை: சாப்பாடும் ஒரு வாக்குவாதமும்

கடலூர் சுற்றுவட்டாரத்தில் எங்கே சாப்பிடலாம் என்று யார் எழுத ஆரம்பித்தாலும் கடைசியில் மீன் குழம்பில்தான் போய் நிற்கிறோம். இது அதற்கு நேர் எதிரான இடம், வந்தவர்க்கெல்லாம் இலவசமாகச் சைவச் சாப்பாடு போடுகிற வடலூர் சத்திய தருமச்சாலை. மெனு கார்டு கிடையாது, பில் கிடையாது, ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு என் அத்தை பையனுடன் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.

முதலில் சாப்பாடு. நாங்கள் போனது மதியம். சாதம், சாம்பார், ரசம், மோர், அவ்வளவுதான். காரசாரம் தேடிப் போகிறவர்களுக்கு இது இடமில்லை, பசியோடு போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். எனக்கு ஒரு பக்கம் துணிப்பையை மடியிலிருந்து இறக்காமலே சாப்பிட்ட ஒரு பெரியவர், இன்னொரு பக்கம் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர், ஹெல்மெட்டைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். பெரியவர் போதும் என்று கையை நீட்டி மறிப்பதற்குள் இன்னொரு கரண்டி சாதம் விழுந்துவிட்டது. யார், எந்த ஊர், என்ன ஆளுங்க என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. கல்யாணப் பந்தியில்கூட மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று கேட்டுவிட்டுத்தான் இலை போடுவார்கள்.

1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கி வைத்த சாலை இது. பார்வதிபுரத்து மக்கள் எழுதிக் கொடுத்த 80 காணி நிலத்தில் எழுந்தது, அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. இந்தக் கணக்கெல்லாம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இனி சண்டை. என் அத்தை பையன் பாகூர்க்காரன், அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரிக்காரன். "மச்சான், இதுதான் நியாயம்னு உலகத்துக்கே பொதுவா ஒண்ணும் கிடையாது, எல்லாம் ஊருக்கு ஊர் மாறும்" என்பது அவன் கட்சி. பாகூர்க்காரன் அப்படிப் பேசுவதில் ஆச்சரியமும் இல்லை. புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோயிலில் காசு கொடுத்து ஒழுங்காக வாங்கிய சாராய பாட்டில், கடலூர்ப் பக்கம் ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்கு வந்தால் கடத்தல் சரக்கு ஆகிவிடுகிறது. அதை வாங்க அங்கே 18 வயது போதும், இங்கே 21 ஆக வேண்டும். அவ்வளவு ஏன், புதுச்சேரிக்குள்ளேயே, 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் பழைய குலச் சட்டத்தைத் துறந்த குடும்பங்களுக்குக் கல்யாணமும் சொத்தும் பிரெஞ்சு சிவில் சட்டப்படி, பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்துச் சட்டப்படி. இதற்கு நடுவில் வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? சட்டம் மாறுவது வேறு, நியாயம் மாறுவது வேறு என்று சொல்லிப் பார்த்தேன், அவன் காதில் ஏறவில்லை.

அப்புறம் வள்ளலார் ஜோதி வழிபாட்டுக்குக் கட்டிய ஞானசபைப் பக்கம் நடந்தோம். கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாயை மோந்து பார்க்க வாசலில் ஆள் கிடையாது. கடலூர் முதுநகர் மீனைத் தின்று வளர்ந்தவன் என்பதால் நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். அவனும் நின்றான், முந்தின நாள் ராத்திரி வஞ்சிரம் வறுவலாம். ஏன்டா, எல்லாம் மாறுகிற விஷயம்தானே, உள்ளே போயேன் என்றேன். "அது அவங்க இடம், அவங்க ரூல், நாம மதிக்கணும்" என்றான். சரி, அடுத்தவன் இடத்தில் அடுத்தவன் விதியை மதிக்க வேண்டும் என்கிறாயே, அது எந்த ஊர் விதி, அதுவும் ஆல்பேட்டை தாண்டினால் மாறுமா என்று கேட்டதும் டீ குடிக்கலாம் வா என்று கிளம்பிவிட்டான்.

அதற்காக நான் ஜெயித்தேன் என்று சொல்ல வரவில்லை, எனக்கே ஒரு இடம் இடித்தது. வள்ளலாருக்குக் கொலை என்பது எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் கொலைதான், செடிக்கும் உயிர் இருக்கிறதே என்று மடக்குகிறவர்களுக்கும் அவரே பதில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர், நாளை விடியற்காலை வலையோடு கடலுக்குப் போகப் போகிறவனுக்கு இன்று எதற்குச் சோறு போட வேண்டும்? கண்டிப்பான ஆளாக இருந்தால் அந்த எழுத்துப் பலகையைச் சாப்பாட்டு வாசலில் அல்லவா மாட்டியிருக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து வள்ளலார் எழுதிய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலைப் புரட்டினேன். தேச ஒழுக்கம், சமய ஒழுக்கம், சாதி ஒழுக்கம் என்று ஒழுக்கங்கள் பல வகையாக இருப்பதை அவர் அங்கேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறார். பசித்து வந்தவனிடம் அந்த வேறுபாட்டையெல்லாம் விசாரிக்கக் கூடாது என்கிறார். புலால் உண்கிறவர்களைப் புறவினத்தார் என்று தள்ளி வைக்கிறவர்தான், அவர்களுக்கும் பசியை மட்டும் ஆற்றத்தான் வேண்டும் என்கிறார். ஆக, என் அத்தை பையன் சொல்கிற 'ஊருக்கு ஊர்' சமாச்சாரம் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அதைப் பந்திக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். தன்னுடைய கொல்லாமையைக்கூட சபை வாசலில் வைத்துக்கொண்டாரே தவிர சோற்றுக்கு முன்னால் வைக்கவில்லை. மாறாத நியாயம் ஒன்று உண்டு என்று நம்புகிறவர்கள் வழக்கமாக அதை வைத்து ஆளை வடிகட்டத்தான் பார்ப்பார்கள், இந்த மனிதர் உருப்படியாக வேறொன்று செய்திருக்கிறார் என்பது என் எண்ணம். நான் மீனை விட்டுவிட்டேனா என்று கேட்காதீர்கள், விடவில்லை.

அத்தை பையனுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பசிக்கும்போது யாரும் தத்துவம் பேச மாட்டான் மச்சான், அதான் அவர் கேக்கல" என்று பதில் வந்தது. அதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாகப் போகிற பஸ் போதும். கொடுக்க நினைப்பவர்கள் அரிசி, பருப்பு என்று கொண்டுபோகலாம். தைப்பூசத்தன்று ஜோதி பார்க்க ஊர் கொள்ளாத கூட்டம் வரும், நிதானமாகச் சாப்பிட வேண்டுமென்றால் சாதாரண நாளில் மதியம் போங்கள்.